ஒரே நாளில் மூன்று குளியல்

என் அக்காவின் கல்யாணத்தை ஒரு வாரம் அந்தரத்தில் தொங்கவிட்டவன் நான். மழை, கலவரம், சாவு எதுவும் காரணமில்லை. ஒரு கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம்தான் காரணம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல படம், என்னோடு சேர்த்துப் பேசினால் அதற்குத்தான் அவமானம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சேலம் அம்மாபேட்டையில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிற வேலை. நாள் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பார்த்து, எந்தக் கட்டத்தில் நிறம் பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதனால் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஒரு கர்வம் இருந்தது. (வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது வேறு விஷயம்.)

அக்கா ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவளுக்கு நாமக்கல்லில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் அருள்ராஜ். கோழி டாக்டர். பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளைப் பார்ப்பவர். நிச்சயதார்த்தம் முடிந்து, கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் கல்யாணங்களில் இது கட்டாயம். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். பெண் வீட்டுக் கோயிலிலும் உண்டு, மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் உண்டு.

எங்கள் கோயிலில் அறிவிப்பு வாசிக்கிறவன் நான்தான். கணீர்க் குரல் என்று பெயர். அக்காவின் முதல் ஓலையையும் நானே வாசித்தேன். அந்தத் தடை வரியை அதற்கு முன்பு எத்தனையோ ஜோடிகளுக்கு வாசித்திருக்கிறேன். தடை தெரியும் என்று ஒரு ஆள் வந்ததில்லை. பஸ்ஸில் பார்த்தவரிடம் ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்போமே, அந்த அளவுக்குத்தான் அதற்கு மரியாதை.

மறுநாள் திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு துப்பறியும் நாவலை வைத்து எடுத்த படம் என்று ஆரம்ப டைட்டிலிலேயே போட்டிருந்தான். கதை இதுதான். ஒரு பணக்காரன், தன் தங்கைக்கு நிச்சயமான ஆளைக் கண்காணிக்கச் சொல்லி ஒரு துப்பறிவாளனை அமர்த்துகிறான். துப்பறிவாளன் நீளக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மழையில் நிற்கிறான். மாப்பிள்ளைக்காரன் வாராவாரம் துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டுக்குள் போகிறான். போகும்போது கோடு போட்ட டை, வரும்போது கோடு இல்லாத டை. அந்த ஒரு டையைப் பிடித்துக்கொண்டு துப்பறிவாளன் ஒரு கொலையையே தோண்டி எடுத்துவிடுகிறான். கடைசியில் அந்தத் தங்கை அவன் கோட்டில் முகம் புதைத்து, ‘நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள்’ என்று அழுகிறாள். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். கை காய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். “பகல்ல இவருக்குப் போனே போட முடியலம்மா. ‘உள்ள போறேனுங்க, வந்து பேசறேனுங்க’ன்னு சொல்லிட்டு ஆஃப் பண்ணிடறார். ஒன்றரை மணி நேரம் ஆள் இல்ல.”

அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கே உள்ளே போகிறார்? எதற்கு ஆஃப் செய்கிறார்? வாய் திறந்து அவரையே கேட்டிருக்கலாம், நம்பர் என் போனில் இருந்தது. ஆனால் துப்பறிவாளர்கள் கேட்பதில்லை, பின்தொடர்கிறார்கள்.

புதன்கிழமை லீவு போட்டேன். எங்கள் அப்பா மேட்டூரில் வேலை பார்த்த காலத்தில் ஆபீசில் கொடுத்த மழைக்கோட்டு ஒன்று பரணில் கிடந்தது. கருநீல நிறம், முழங்காலுக்குக் கீழே வரும். அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மாதம் ஏப்ரல். நாமக்கல் வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, மொபெட்டில் ஒருவன் போகிறான் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மறைந்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் அவன் சிகரெட் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். எனக்குச் சிகரெட் வாசமே ஆகாது. கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டேன்.

குறிப்பேடும் வைத்திருந்தேன். ‘9.10. ஆள் வெளியே வருகிறார். நீலச் சட்டை. கையில் பை. பையில் என்ன?’ ‘9.25. ஆள் டீ குடிக்கிறார். சர்க்கரை கம்மி.’ (எவ்வளவு தூரத்திலிருந்து சர்க்கரையைக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள்.)

அவருடைய கார் ஊரைத் தாண்டி ஒரு மண் பாதையில் திரும்பியது. இரும்புக் கேட், பக்கத்தில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம். பின்னால் நீளமான கொட்டகைகள். ஒரு பெண்மணி கேட்டைத் திறந்தார். மாப்பிள்ளை பையோடு அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. நான் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று கடலை மிட்டாயைக் கடித்தேன். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மாப்பிள்ளை வெளியே வந்தார். தலை ஈரம். சட்டை வெள்ளை! அந்தப் பெண்மணி பின்னாலேயே ஒரு துணி மூட்டையோடு வந்து, கொடியில் உதறிக் காயப்போட்டார். மாப்பிள்ளை அவரிடம் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார்.

டை மாறினதுக்கே அங்கே ஒரு கொலை. இங்கே முழுச் சட்டை!

மதியம் இன்னொரு ஊர், இன்னொரு கேட், இன்னொரு பெண். உள்ளே போகும்போது வெள்ளைச் சட்டை. வெளியே வரும்போது மஞ்சள் கோடு. மறுபடியும் தலை ஈரம். குறிப்பேட்டில் ‘ஒரே நாளில் இரண்டு குளியல்’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டு அடியில் இழுத்தேன். அதற்கு மேல் என் உடம்பு தாங்கவில்லை. வழியில் மூன்று இளநீர் குடித்துவிட்டு சேலம் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தில் அவன் கடைசியில்தான் சொல்வான். மூன்று நாள் அக்காவைப் பார்த்து இரக்கமாகப் பெருமூச்சு விட்டேன். “வயித்து வலியாடா?” என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் பங்குத்தந்தையிடம் போனேன்.

“ஃபாதர், தடை தெரிஞ்சா சொல்லணும்னு நான்தானே வாசிச்சேன். எனக்கே தெரிஞ்சு போச்சு.”

ஃபாதர் பேனாவை மூடி வைத்தார். “கண்ணால பார்த்தியா?”

“பார்த்தேன் ஃபாதர்.”

“என்ன பார்த்தே?”

“ரெண்டு வீடு ஃபாதர். ரெண்டு பொம்பளைங்க. ரெண்டு தடவையும் குளிச்சிட்டு, சட்டை மாத்திட்டு வெளியே வர்றார்.”

அவர் என் குறிப்பேட்டை வாங்கிப் படித்தார். சர்க்கரை கம்மி என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. பிறகு சொன்னார். “சொந்தத் தம்பியே வந்து சொல்றே. என்னால தள்ளிவிட முடியாது. நாளைக்கு வாசிக்க வேண்டிய ஓலையை ஒரு வாரம் நிறுத்தி வைப்போம், அதுக்குள்ள விசாரிக்கலாம். ஆனா ஒண்ணு. இப்பவே வீட்டுக்குப் போய் உங்க அப்பாகிட்டயும் அக்காகிட்டயும் சொல்லிடு. கோயில்ல வெச்சு அவங்களுக்குத் தெரியக் கூடாது.”

சரி ஃபாதர் என்றேன். சொல்லவில்லை. வீட்டுக்குப் போனபோது அக்கா கல்யாணச் சேலையை அம்மாவின் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். பார்டர் நான் போட்ட டிசைன். எனக்கு நாக்கு எழவில்லை. இந்தக் கதையில் நான் சிரித்துச் சொல்ல முடியாத இடம் இது ஒன்றுதான். மழைக்கோட்டு முட்டாள்தனம். இது கோழைத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மைக் முன்னால் நின்றேன். ஃபாதர் கொடுத்த தாளில் மூன்றாவதாக இருந்த அக்கா ஜோடியின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு ஜோடிகளை வாசித்தேன், தடை வரியை வாசித்தேன், தாளை மடித்தேன். கோயிலில் ஒரு சலசலப்பு. இரண்டாவது வரிசையில் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அக்கா பாடல் புத்தகத்தைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தைத் திருப்பவே இல்லை. முதல் ஓலை வாசித்து இரண்டாவது நின்றுபோனால் என்ன அர்த்தம் என்று எங்கள் கோயிலில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். “பேரை விட்டுட்டியா?”

சொன்னேன். இரண்டு கேட், இரண்டு குளியல், மூன்று சட்டை. சொல்லச் சொல்ல, அக்கா இப்போது வந்து என் தோளில் சாய்ந்து அழுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா சமைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் கோயிலில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், செய்தி பூசை முடிவதற்குள்ளேயே நாமக்கல் போய்விட்டது.

“ஏனுங்க, இங்க எங்க கோயில்ல நல்லபடியா வாசிச்சாங்க. அங்க உங்க பையன் எங்க பேரை உட்டுப்போட்டு வாசிச்சானாம். என்ற பையன் மேல என்ன குத்தங் கண்டீங்க?”

அப்பா அதுவரை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. “அந்தத் தாள் காணாமப் போச்சுங்க” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், காணாமல் போகவேண்டியது தாள் இல்லை என்பது தெளிவாக இருந்தது.

நாலு மணிக்கு அக்கா வெளியே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அமுக்கினாள்.

“ஒண்ணு கேக்கணும். புதன்கிழமை நீங்க ரெண்டு இடத்துல குளிச்சீங்களா?”

அந்தப் பக்கம் ஏதோ தாள் புரளும் சத்தம்.

“புதன்கிழமைங்களா? இல்லீங்களே” என்றார். நான் வெற்றியோடு அப்பாவைப் பார்த்தேன். “மூணு பண்ணைங்க. மூணு குளியலுங்க.”

“நான் பார்த்தது ரெண்டுதான்!” என்று என் வாய் என்னைக் கேட்காமல் கத்திவிட்டது.

“யாருங்க அது, தம்பிங்களா?” என்றார் மாப்பிள்ளை. பிறகு நிதானமாக விளக்கினார். ஒரு பண்ணைக்குள் போவதற்கு முன்னால் குளிக்க வேண்டும். பண்ணையில் கொடுக்கிற உடுப்பைத்தான் போட வேண்டும். செருப்பும் அவர்களுடையதுதான். போனும் உள்ளே போகக் கூடாது. வெளியே வரும்போது மறுபடி குளித்து, துவைத்த சட்டை மாற்றிக்கொண்டுதான் அடுத்த பண்ணை. “இல்லீன்னா ஒரு பண்ணைச் சீக்கு என்ற சட்டையிலயே அடுத்த பண்ணைக்கு வந்துருமுங்க. ஆயிரக்கணக்குல கோழி போயிரும். கேட்டுக்குப் பக்கத்துல இருக்கறது குளியலறைங்க. ஊடு இல்லீங்க. கேட்டைத் தொறக்கற அக்காதான் அந்த உடுப்பைத் தொவைச்சுப் போடுவாங்க.”

கணக்குப் பார்த்தால் ஒரு பண்ணைக்கே இரண்டு குளியல், அவர் சொன்ன மூன்றும் திரும்பி வரும்போது குளிப்பது மட்டும். நான் அதிலும் குறைத்துத்தான் எழுதியிருந்தேன்.

அவரே மறுபடி பேசினார். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “தம்பி ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனுங்களே. எனக்கு ஒண்ணுமில்லீங்க. அம்மாதான் காலைல இருந்து சாப்பிடல. அவங்க சரின்னு சொன்னாத்தானுங்க இனி எதுவும்.”

போனை வைத்ததும் அக்கா என்னிடம் கேட்டாள். “எந்தப் படம்டா பார்த்தே?” பெயரைச் சொன்னேன். “அதோட மூல நாவலைப் படிச்சியா?” இல்லை என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் தனியாக நாமக்கல் போனேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க கண்ணுல பாத்தாத்தான் நம்பற ஆளுங்கன்னு சொன்னாங்க. போய் உள்ள பாத்துட்டு வாங்க சாமி. அப்பறம் பேசலாம்.”

மாப்பிள்ளை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே மண் பாதையில் போனார். அவர் அம்மாவும் முன் சீட்டில் வந்தார். அதே பெண்மணி கேட்டைத் திறந்தார். பெயர் பழனியம்மா, பண்ணை மேற்பார்வையாளரின் மனைவி என்று அறிமுகம் செய்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சோப்பைக் கையில் திணித்தார்.

“தலைக்கு ஊத்திக் குளிச்சுப்போட்டு வாங்க. நகத்தையெல்லாம் தேய்ங்க.”

குளித்தேன். பண்ணை உடுப்பு இரண்டு பேருக்குப் போதும். அதற்குள் நின்று கொட்டகையைப் பார்த்தேன். கூண்டு கூண்டாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைக் கோழிகள், எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் கழுத்தைத் திருப்பின. திரும்பி வந்து மறுபடி குளித்தேன். கொண்டு போயிருந்த வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட ஈரத் தலையோடு அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். பழனியம்மா நான் கழற்றிய உடுப்பை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். வேப்பமரத்தடியில் மாப்பிள்ளையின் அம்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் பழனியம்மா கேட்டார். “ஏனுங்க தம்பி, அன்னிக்கு அந்த மரத்துக்குப் பொறவால கோட்டு மாட்டிட்டு நின்னது நீங்கதானுங்களா?”

அவர் போனை எடுத்து வந்து நீட்டினார். படம் தெளிவாக இருந்தது. உச்சி வெயில், கருநீல மழைக்கோட்டு, மரத்தைவிட நான் அகலமாகத் தெரிகிறேன். வாயில் பாதிக் கடலை மிட்டாய்.

“கோழி திருட நோட்டம் பாக்கறான்னு நெனச்சு, சுத்துப்பட்டுப் பண்ணைக்கெல்லாம் அனுப்பிச்சுட்டமுங்க. எங்க பார்த்தாலும் புடிச்சு உக்கார வெக்கச் சொல்லிருக்கறோம்.”

மாப்பிள்ளையின் அம்மா அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் முதலில் கோணியது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். “இந்தக் கோட்டுக்காரனை நம்பியா ஓலையை நிறுத்துனாங்க, ஏசுவே!” என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் காலில் விழுந்தேன். “எந்திரிங்க சாமி. குளிச்ச உடம்புல மண்ணு ஒட்டும்” என்று தூக்கிவிட்டார்.

விட்டுப்போன ஓலையை ஃபாதர் அந்த வாரமே ஒரு திருநாள் பூசையில் வாசிக்க ஏற்பாடு செய்தார். வாசிக்க என்னையே நிறுத்தினார். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்ற வரி வந்ததும் மொத்தக் கோயிலும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஃபாதரும் பார்த்தார். “எனக்குத் தெரியாதுங்க” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

ஒரு மாதம் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பழைய புத்தகத்தை என் மடியில் போட்டாள். அந்தப் படத்தின் மூல நாவல், கல்லூரிக் காலத்தில் வாங்கியதாம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். நாவலில் கொலையே இல்லை. துறைமுகத்து வீட்டில் மாப்பிள்ளைக்காரனின் கை கால் விளங்காத அப்பா கிடக்கிறார். அந்த மனிதன் வாராவாரம் போய் அவரைக் குளிப்பாட்டுகிறான், நனைந்த துணியை மாற்றிக்கொண்டு வருகிறான். துப்பறிவாளன் எழுதிக் கொடுத்த அறிக்கையால் கல்யாணம் நின்றுபோகிறது, அந்த மனிதன் கடலில் விழுந்து சாகிறான், தங்கை சாகும்வரை அண்ணனோடு பேசுவதில்லை. இதை அப்படியே எடுத்தால் ஓடாது என்று படக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். சந்தேகப்பட்டவன் சரி என்று முடித்தால்தான் பார்க்கிறவனுக்குச் சந்தோஷம். எனக்கும் அந்தச் சந்தோஷம்தான் வேண்டியிருந்தது. அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்பதைவிட, காப்பாற்றியவனாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை அந்த மரத்தடியில் நிறுத்தியிருக்கிறது.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் ஆகிறது. மரத்தடிப் படம் இரண்டு குடும்பத்து வாட்ஸ்அப்பிலும் வருஷத்துக்கு நாலு தடவையாவது சுற்றும். அருள்ராஜ் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால், துண்டை எடுக்கும்போதே குரல் கொடுப்பார். “மாப்ள, குளிக்கப் போறேனுங்க. எழுதிக்குங்க.” குழந்தைகள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கின்றன. நானும் சிரிப்பேன். எனக்குக் கல்யாணம் பேசியபோது என்னை விசாரிக்க வந்தவர்களிடம் அந்தப் படத்தை முதலில் காட்டியது என் அப்பாதான்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாட்டுக்கு மேல் வழக்கம்போல என் கதையைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்தார்கள். அடுப்படியில் அக்கா பாத்திரம் கழுவ, நான் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றை அப்போது விளையாட்டாகக் கேட்டேன்.

“அக்கா, அன்னிக்கு நான் சொன்னதை ஒரு நிமிஷமாவது நம்பினியா?”

அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழாயை மூடினாள்.

“நிமிஷமா? பூசை முடிஞ்சதுல இருந்து நாலு மணி வரைக்கும் நம்பினேன்டா. அந்தச் சேலையைக்கூட மடிச்சு பீரோக்குள்ள வெச்சுட்டேன். வேற யாரு வந்து சொல்லியிருந்தாலும் அங்கேயே சிரிச்சிருப்பேன். சொன்னது நீயாச்சே.”